ஒரு ரயிலும் நிற்காத கேட்டு

கேட்டம்மாவுக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு. யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பாள். சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறான் என்று பார்ப்பாள். பால்காரர் ஒரு நாள் கை தவறி அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் போதும், அன்றைக்கெல்லாம் அந்தப் பாலை மூடி வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருவாள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் சண்டை என்பாள். சத்தம் கேட்காவிட்டால் பெரிய சண்டை என்பாள். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அவளுடைய வீட்டுக்காரர் தையல்காரர், அவருக்குப் பொறுமை தொழிலோடு வந்தது. ஊசியில் நூல் கோர்ப்பவருக்கு அது இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாதே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வே கேட்டைக் காக்க இப்படிப்பட்டவள்தான் லாயக்கு. கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நல்ல மனுஷனுக்கும் புத்தி பிசகிவிடுகிறது. வீட்டில் அரை நாள் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், கம்பம் இறங்குவதைக் கண்டதும் உலகமே தனக்காகக் காத்திருப்பது போலப் பறப்பான். குனிந்து நுழைவான், வளைந்து நுழைவான், கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நம்பாத ஒருத்தி அங்கே நிற்பது ஊருக்கு நல்லதுதான்.

அவள் வேலை சொல்லக் கேட்டால் சுலபம். சாலை ஓரத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு தொலைபேசி, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, சுவரில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். ஸ்டேஷனிலிருந்து ரயில் வருகிறது என்று சொல்வார்கள். அவள் சக்கரத்தைச் சுற்றி இரண்டு பக்கத்துக் கம்பங்களையும் இறக்கிப் பூட்டி, சாவியைத் திருகுவாள். சாவி திரும்பினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். திரும்பாவிட்டால் சிவப்புத்தான், ரயில் தூரத்திலேயே நின்றுவிடும்.

அப்படியென்றால் பயமே இல்லையே என்று கேட்கலாம். இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே ஒரு வண்டி மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவசரத்தில் அதைக் கவனிக்காமல் ஒரு கை சாவியைத் திருகிவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்டம்மா ஒவ்வொரு முறையும் சாவியைத் திருகும் முன் எட்டிப் பார்ப்பாள். பார்த்த பிறகும் தன் கண்ணை நம்பாமல் இன்னொரு முறை பார்ப்பாள்.

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒரு பெருமை உண்டு. அது எந்தச் சட்டத்திலும் கிடையாது, யாரும் அதற்குப் பரிசும் கொடுப்பதில்லை. கேட்டுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். என் கேட்டில் ஒரு ரயிலும் நின்றதில்லை என்பதுதான் அந்தப் பெருமை. ரயில் நின்றால், கேட்டை நேரத்துக்கு மூடத் தெரியாதவன் என்று பெயர். அதனால் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், வண்டிகளைப் பிடித்துத் தள்ளக்கூடச் செய்வார்கள்; எப்படியோ கடைசி நேரத்தில் மூடிவிடுவார்கள். கேட்டம்மா வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் கேட்டில் ஒரு ரயிலும் நின்றதில்லை. இதை அவள் தன் பெண்ணின் கல்யாணத்தில்கூட நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படியிருக்கும்போதுதான் வெள்ளைத் தொப்பிக்காரர் வந்தார்.

ஒரு காலை வேளையில், சாலையோர மரத்தடியில் மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து உட்கார்ந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் டிக் டிக் என்று அமுக்குகிற ஏதோ ஒரு சின்னக் கருவி. வண்டி போனால் அமுக்குவார். போகாவிட்டால் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரு ரயிலை அனுப்பிவிட்டு நேராக அவரிடம் போய் நின்றாள்.

"என்ன பண்றீங்க இங்க?"

"சும்மா வண்டி எண்ணுறேன்மா. நகராட்சியில திட்டப் பிரிவு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பு வருதுல்ல, அதுக்காக."

"எண்ணி?"

"எண்ணி எழுதிக் கொடுப்பேன்."

அவர் சிரித்தார். சிரித்ததுதான் அவர் செய்த தவறு.

சும்மா என்கிற சொல்லை அவள் எப்போதும் நம்பியதில்லை. தெருவில் எரியாத விளக்கு எத்தனை என்று எண்ணத் தெரியாத நகராட்சி, வண்டியை எண்ணப் போகிறதாமே. யாரிடம் காது குத்துகிறார்கள்? போன மாதம்தான் அடுத்த கேட்டில் ஒருவர் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். உள்ளே விட்டுப் பார்த்தால் ரயில்வேயின் ரகசியச் சோதனைக்காரர். பெஞ்சில் படுத்திருந்த கேட்டுக்காரர் இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். இது அதே ஜாதி ஆள்தான், வேறு தொப்பி போட்டு வந்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டிய பிறகு அவள் சும்மா இருப்பாளா? மறுநாள் கஞ்சி போட்டுத் தேய்த்த சீருடையோடு வந்தாள். சொந்தச் செலவில் வாங்கின விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் கோடு போட்டாள். அதற்கு அப்பால் ஒரு சக்கரம் வந்தாலும் விசில் பறந்தது.

அவளுடைய கேட்டுக்கு உண்மையில் ஒரு தலைவலி இருந்தது. தண்டவாளத்தைத் தாண்டியதும் சில அடி தூரத்திலேயே அந்தக் குடியிருப்பு வேலை நடக்கிற இடத்துக்கு வாசல். அங்கே லாரி திரும்பக் காத்து நிற்கும். அதன் பின்னால் கார் நிற்கும், காரின் பின்னால் ஸ்கூட்டர் நிற்கும், வால் நீண்டு தண்டவாளத்தின் மேலேயே வந்து படுக்கும். மற்ற நாட்களில் அவள் அறை வாசலில் நின்று கத்துவாள். தொப்பிக்காரர் இருந்த நாட்களில் கத்தவில்லை. தண்டவாளத்தின் நடுவிலேயே போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் இடம் காலியானால்தான் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியை விட்டாள். எந்தக் கேட்டுக்காரரும் அப்படிச் செய்வதில்லை. செய்யவும் கூடாது, அறையில் தொலைபேசி அடித்தால் யார் எடுப்பது? அவள் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

சாலைக்கு எதிர்ப்புறம் வீட்டுக்காரரின் தையல் கடை. அவர் இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவளிடம் கேட்டார்.

"என்ன, போலீஸ் வேலைக்கு மாறிட்டியா?"

"வாயை மூடிட்டுத் தைங்க. அங்க உக்காந்திருக்கானே, அவன் யாருன்னு தெரியுமா?"

"வண்டி எண்ணுறவரு."

"உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் நாட்டுல திருடன் பிழைக்கிறான்."

அவர் துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்தார். வாயில் குண்டூசி இருந்தது. அவருக்குப் பேச விருப்பமில்லாதபோதெல்லாம் வாயில் குண்டூசி இருக்கும் என்பதை அவள் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

தொப்பிக்காரர் வேலை முடிந்து நாற்காலியை மடக்கிய நாளில் அவளிடம் வந்தார். "எத்தனையோ கேட்டைப் பார்த்திருக்கேம்மா. இப்படி ஒழுங்கா ஒரு கேட்டைப் பார்த்ததில்ல" என்றார். கேட்டம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சோதனையில் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரருக்குக் கேட்காமலே இரண்டாவது தடவை டீ கிடைத்தது.

சில வாரம் கழித்துப் பெண் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளைக்குக் கண்ணாடி அறுக்கும் தொழில். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் புதுக் குடியிருப்பில்தான் ஒரு வீட்டுக்கு முன்பதிவு செய்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக அப்பாவின் கடையில் துணி வெட்டும் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயசிலிருந்து நல்ல செய்தி என்றால் அங்கே உட்கார்ந்துதான் சொல்வாள்.

"அம்மா, வாசல் பிரச்சினை தீர்ந்துடுச்சு. முன்வாசல் உன் கேட்டுக்குப் பக்கத்துலயே வரப்போகுது. இப்ப லாரி போகுதுல்ல, அதே இடம். பின்பக்கத் தெருவுல வாசல் வெச்சா ஊரைச் சுத்திப் போகணுமேன்னு பயந்துட்டிருந்தோம்."

"யாரு சரின்னு சொன்னது?"

"நகராட்சியிலதான். ஒருத்தரு வெள்ளைத் தொப்பி போட்டுட்டு வந்து எண்ணினாரே, அவருதான் எழுதிக் கொடுத்திருக்காராம். உன் கேட்டு அவ்வளவு ஒழுங்கா இருக்காம். ஒரு வண்டிகூட தண்டவாளத்துல நிக்கிறதில்லையாம். இன்னும் எத்தனை வண்டி வந்தாலும் தாங்குமாம். எல்லாரும் உன்னைத்தாம்மா புகழுறாங்க."

கேட்டம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு நெஜமாவே வண்டி எண்ணத்தான் வந்தாரா?"

"மொத நாளே சொன்னாரே" என்றார் வீட்டுக்காரர். இந்தத் தடவை வாயில் குண்டூசி இல்லை.

அந்த மனுஷன் உண்மையைச் சொன்னார், அவள் நம்பவில்லை. நம்பாததால் ஒரு நாடகம் போட்டாள். நாடகத்தைப் பார்த்து அவர் நம்பிவிட்டார். இப்போது அந்த நாடகத்தின் மேல் ஒரு குடியிருப்பைக் கட்டப் போகிறார்கள். காலையில் எல்லா வீட்டுக் காரும் வேலைக்குப் போகும், சாயங்காலம் எல்லாம் திரும்பி வரும். திரும்பி வருகிற ஒவ்வொன்றும் அந்த வாசலில் திரும்பக் காத்து நிற்கும். வால் தண்டவாளத்தில் கிடக்கும். அந்த வாலில் ஒரு நாள் தன் பெண்ணும் இருப்பாள்.

"அந்த வாசல் அங்க வரக் கூடாது" என்றாள்.

பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜையை விட்டு இறங்கினாள். "வீடு எங்களுது. வாசலை மாத்தச் சொல்றது நீயா? வாசல் மாறினா திட்டத்தை மறுபடி மொதல்லேர்ந்து போடுவாங்க. வீடு எப்ப கிடைக்கும்னே தெரியாது."

"கேட்டைப் பத்தி எனக்குத் தெரியும்."

"உனக்கு எதுதான் தெரியாது? நீ எதைத்தான் சந்தேகப்படல? கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைகிட்ட, இது உங்க சொந்த வாட்ச்சான்னு கேட்டவ நீ."

அது உண்மைதான். கேட்டிருந்தாள். மாப்பிள்ளை இன்றுவரை அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை.

கேட்டம்மா லீவு போட்டுவிட்டு நகராட்சிக்குப் போனாள். திட்டப் பிரிவு மாடியில் ஒரு நீள அறை. சுவரெல்லாம் சுருட்டி வைத்த வரைபடங்கள், மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் செங்கல் துண்டுகள். வெள்ளைத் தொப்பி ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார், முழு வழுக்கை. தொப்பி இல்லாமல் அவளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுண்ணாம்புக் கோடு, விசில், நடுவில் போய் நின்றது, எதையும் விடவில்லை. அவர் கேட்கக் கேட்க முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க?" என்றார்.

"யாரும் அனுப்பல."

"இந்தத் திட்டத்தை நிறுத்தணும்னு நினைக்கிறவங்க நாலு பேரு இருக்காங்க. அவங்க ஆளா நீங்க?"

"என் பொண்ணே அங்கதான் வீடு எடுத்திருக்கா."

"அப்ப பொண்ணுக்கும் உங்களுக்கும் தகராறா?"

அவர் கண்ணைச் சுருக்கி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. பால்காரரும், பக்கத்து வீட்டுக்காரரும், மாப்பிள்ளையும் இத்தனை காலம் அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட பார்வை. அது இப்படித்தான் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"சார், நீங்க பார்த்தது கேட்டை இல்ல, என்னைத்தான். உங்களை ரயில்வே ஆளுன்னு நினைச்சு ஆட்டம் போட்டேன். நான் தினமும் அப்படி நிக்க மாட்டேன். என் ஷிஃப்ட் முடிஞ்சா வேற ஆளு வருவாரு, அவருக்கு முட்டிவலி. அவரு வெளியவே வர மாட்டாரு. வரணும்னு சட்டமும் இல்ல. ஒருத்தி தொண்டையை நம்பியா ஊருக்கு வழி போடுவீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "மறுபடியும் எண்ணணும்கறீங்க. நான் வந்தா, இந்தத் தடவை வேணும்னே கெடுத்துக் காட்டுவீங்க. மொதல்ல நல்லா இருக்கிற மாதிரி வேஷம், அடுத்து மோசமா இருக்கிற மாதிரி வேஷம். நான் எதை நம்புறது?"

"எனக்குத் தெரியாம வாங்க."

"பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்பதும் அவள் நம்பாத ஒரு சொல்தான்.

அதன் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மரத்தடியில் ஒருவர் பேப்பர் படித்தால், பக்கத்தைத் திருப்புகிறாரா என்று பார்த்தாள். சைக்கிள் செயின் கழன்று ஒருவர் குனிந்தால், அது நிஜமாகவே கழன்றதா என்று கிட்டப் போய்ப் பார்த்தாள். குடை விற்கிறவர், பிச்சை கேட்கிறவர், ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிற கிழவர், எல்லாருமே தொப்பியைக் கழற்றிய அந்த ஆளாகத் தெரிந்தார்கள். அதைவிடக் கொடுமை, வண்டி தண்டவாளத்தில் நின்றால் கையும் வாயும் தன்னால் கிளம்புவது. விசில் உதட்டுக்குப் போய்விடும். ஊதினால் மறுபடியும் நாடகம். ஊதாவிட்டால் மனசு கேட்காது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஒரு காலையில் கையை நீட்டினார்.

"விசிலை எங்கிட்டக் கொடுத்துட்டுப் போ. சட்டத்துல உனக்கு என்ன வேலையோ அதை மட்டும் பாரு."

அவள் கொடுத்தாள். அவர் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினார்.

சில நாள் கழித்து வாரக் கடைசி வந்தது. குடியிருப்புக்காரர்கள் மாதிரி வீடு ஒன்றைக் கட்டி முடித்து, வாசலில் கலர் காகிதம் தொங்கவிட்டு, வீடு வாங்கினவர்களை எல்லாம் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானத்திலிருந்தே கார்கள் வரத் தொடங்கின. வாசலில் நின்ற காவலாளி ஒவ்வொரு காராக நிறுத்தி விசாரித்து உள்ளே விட்டார். வால் நீண்டது. தண்டவாளத்தைத் தொட்டது, தாண்டியது, இந்தப் பக்கம் தையல் கடைவரை வந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. ரயில் வருகிறது.

கேட்டம்மா சக்கரத்தில் கை வைத்தாள். எச்சரிக்கை மணி அடித்தது. யாரும் நகரவில்லை, நகர இடமில்லை. எட்டிப் பார்த்தாள். தண்டவாளத்தின் நட்டநடுவில் ஒரு சின்ன நீலக் கார் நின்றது. அதன் பின் கதவில் இருந்த நசுங்கல் அவளுக்குத் தெரியும். அது ஏற்பட்ட அன்று, எப்படி நசுங்கியது என்று மாப்பிள்ளையை நாலு விதமாக விசாரித்தவள் அவள்தான்.

கை தானாக மார்புக்குப் போனது. விசில் இல்லை.

விசில் இல்லாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறது. ஓடிப்போய் முன்னால் நிற்கிற கார்களின் மேல் தட்டி, இரண்டைச் சாலையோரம் ஒதுக்கி, ஒன்றைப் பின்னால் நகர்த்தினால் நீலக் கார் வெளியே வந்துவிடும். ரயில் வருவதற்குள் முடித்துவிடலாம். இதைவிட மோசமான நெரிசலையெல்லாம் அவள் பிரித்திருக்கிறாள். ரயில் நிற்காது. யாருக்கும் எதுவும் தெரியாது. அவளுடைய பெருமை அப்படியே இருக்கும்.

யாருக்கும் எதுவும் தெரியாது என்கிற இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் போனதே இப்படித்தானே. அவள் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடி மறைத்ததால்தான் இந்த இடம் நல்ல இடம் என்று ஊர் நம்புகிறது. இன்றைக்கும் மறைத்தால், நாளைக்கு முட்டிவலிக்காரர் ஷிஃப்டில் இதே நீலக் கார் இதே இடத்தில் நிற்கும்.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"கேட்டு மூட முடியல சார். தண்டவாளத்துல வண்டி நிக்குது. சிக்னல் கொடுக்க முடியாது."

மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு நம்ப முடியவில்லை. "யாரு, கேட்டம்மாவா? உங்க கேட்டா?"

"என் கேட்டுதான் சார்."

சொல்லிவிட்டுச் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நீலக் காரின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க. ரெண்டு பேரும்."

"எல்லாரும் உக்காந்திருக்காங்க, நாங்க மட்டும் ஏன் இறங்கணும்?" என்றாள் பெண்.

"தண்டவாளத்துல இருக்கிறது நீங்கதான்."

அவள் குரலில் அம்மா இல்லை, கேட்டுக்காரிதான் இருந்தாள். மாப்பிள்ளை கையைக் கட்டாமல் உடனே இறங்கிவிட்டார். பெண் இறங்கும்போது தூரத்தில் ரயில் கூவியது. வளைவைத் தாண்டி அதன் முகம் தெரிந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது, சிவப்புச் சிக்னலுக்கு முன்னால் வேகம் குறைந்து, முனகிக்கொண்டு நின்றது. நின்ற பிறகும் விடாமல் கூவியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன.

கேட்டம்மாவுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, வெட்கத்தில். சந்தையில் முந்தானை நழுவினது போல இருந்தது அவளுக்கு.

பெண் ரயிலைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். "நின்னுடுச்சுல்லம்மா" என்றாள் மெதுவாக.

"நான் பார்த்தேன், நின்னுச்சு. நான் பார்க்காத அன்னைக்கு?"

பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காவலாளி ஓடி வந்து வாசலை முழுதாகத் திறந்துவிட்டு, கார்களை மொத்தமாக உள்ளே விட்டார். மாப்பிள்ளை நீலக் காரை எடுத்துப் போனார், தண்டவாளம் காலியானது. அவள் கேட்டை மூடி, இரண்டு முறை எட்டிப் பார்த்து, சாவியைத் திருகினாள். ரயில் கடந்து போனது. அதன் பிறகுதான் அவள் நாலு பக்கமும் தேடினாள். மரத்தடியில் யாருமில்லை. சாலையோரத்தில் யாருமில்லை. வெள்ளைத் தொப்பி எங்குமே இல்லை. பாவி மனுஷன் வரவில்லை. மானம் போனதுதான் மிச்சம், பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஷிஃப்ட் முடிந்து தையல் கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். தைத்துத் தொங்கவிட்ட சட்டைகளுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி ஒரு வழுக்கைத் தலை. மடியில் டிக் டிக் கருவி. பக்கத்தில் காலி டீ டம்ளர். அவர் முகம் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"எத்தனை நாளா இங்க இருக்காரு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"நீ விசிலைக் கொடுத்துட்டுப் போனியே, அன்னைலேர்ந்து."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"உனக்குத் தெரியாம வரச் சொன்னது நீதானே." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஊர்ல இருக்கிற ஆடு மாடைக்கூட சந்தேகப்பட்ட. எதிர்க்கடையில இருக்கிற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கலையே."

கேட்டம்மா ஜன்னலைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், கடைசியில் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

தொப்பிக்காரர் தான் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கண்ணால் கண்டதை எழுதினார். வாசல் பின்பக்கத் தெருவுக்கு மாறியது. கேட்டுப் பக்கம் முழு நீளத்துக்கும் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டார்கள். வீடு கிடைக்கத் தாமதமானது. பெண் அதற்காக அம்மாவைத் திட்டாத வாரமில்லை. ஆனால் போன் செய்து திட்டினாள். குடிபோன பிறகும், சுற்றி வருவதற்குள் வாங்கின பால் புளித்துவிடுகிறது என்று புலம்பினாள். புலம்பிக்கொண்டே சுற்றித்தான் வந்தாள்.

ரயில்வே சும்மா விடுமா? ரயில் நின்றது நின்றதுதான். ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். கெட்டவர் இல்லை, அவளுடைய வேலையை நெடுநாளாக அறிந்தவர்.

"இத்தனை வருஷத்துல உங்க கேட்டுல ஒரு ரயிலும் நின்னதில்ல. அன்னைக்கு மட்டும் எப்படிம்மா தவறினீங்க?"

"அன்னைக்குத் தவறல சார்" என்றாள் கேட்டம்மா. "அதுக்கு முன்னாடி நிக்க வேண்டிய நாள் எத்தனையோ இருந்துச்சு. அன்னைக்கெல்லாம் நிக்க விடாம பார்த்துக்கிட்டேனே, அங்கதான் தவறினேன்."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். அவள் சொன்னதோடு ரயில் தாமதத்துக்கான கண்டிப்பையும் எழுதி, கையெழுத்துக்காக அவள் பக்கம் நகர்த்தினார். தான் சொன்னபடிதான் எழுதியிருக்கிறாரா என்று அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.